மாடி வீட்டில் ஹாம் வெந்த அன்று

அந்த வருடம் ஐப்பசியில் எங்களுக்கு ஒரு குழந்தை பிறந்தது. பிறக்கும்போதே அதற்கு உயிர் இல்லை. ஆண் குழந்தை என்று சொன்னார்கள். நானும் என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவரும் ஆஸ்பத்திரியிலிருந்து அதை வாங்கிக்கொண்டு போய் ஆற்றுக்கு அந்தப் பக்கம் அடக்கம் செய்துவிட்டு வந்தோம். திரும்பும் வழியில் நண்பர் டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். சீனி கூடிவிட்டது என்று கடைக்காரரிடம் சொன்னதுகூட ஞாபகம் இருக்கிறது. அழுகை வரவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. நாங்கள் அப்போது தச்சநல்லூரில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரரும் அவர் மனைவியும். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், சுத்த சைவம். வீடு பார்க்கப் போன அன்று என் நெற்றியில் இருந்த திருநீற்றைப் பார்த்துவிட்டுச் சாவியை எடுத்தார். பிறகு என் மனைவியின் கழுத்தில் கிடந்த சிறிய சிலுவையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் யோசித்து, மாடியில் மீனோ கறியோ சமைக்கக்கூடாது என்று மட்டும் சொன்னார். நான் சரி என்றேன். அவளும் சரி என்றாள். நான் பிறந்து வளர்ந்த வீட்டில் முட்டைகூட உள்ளே வந்ததில்லை என்பதால் எனக்கு அதில் இழப்பு எதுவும் இல்லை. அவளுக்கு இருந்திருக்கும். சொல்லிக்காட்டியதில்லை.

அவளுடைய அப்பா மலைமேல் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கம்பவுண்டராக இருந்தவர். அவள் பள்ளிக்கூடம் முடிக்கும்வரை மலையில்தான் வளர்ந்தாள். கல்யாணமான புதிதில் எஸ்டேட்டைப் பற்றி நிறையச் சொல்லுவாள். மழை, அட்டை, வெள்ளை பெயின்ட் அடித்த சின்னக் கோயில், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மேனேஜர் பங்களாவிலிருந்து வரும் ஹாம். உப்பில் ஊறவைத்துப் புகை போட்ட பன்றித் தொடை. அதை அவள் அம்மா எப்படி வேகவைப்பாள், கொழுப்பைக் கத்தியால் கட்டம் கட்டமாகக் கீறி ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கிராம்பை எப்படிக் குத்துவாள், மேலே கருப்பட்டிப் பாகை எப்படித் தடவுவாள் என்றெல்லாம் சொல்லுவாள். கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் குமட்டும். மூஞ்சியைத் திருப்பிக்கொள்வேன். அவள் சிரிப்பாள். எங்கள் கல்யாணத்துக்கு முன்பே அவள் அப்பா காலமாகிவிட்டார். அம்மா நாகர்கோவிலில் மூத்த மகளோடு இருந்தார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு என் மனைவி படுக்கையிலேயே இருந்தாள். அவள் அம்மா வந்து கொஞ்ச நாள் இருந்து பார்த்துவிட்டு, அங்கே மூத்தவளுக்கும் முடியவில்லை என்று கிளம்பிப் போனார்கள். என் வீட்டுப் பக்கமிருந்து யாரும் வரவில்லை. கல்யாணத்தோடு அந்தப் போக்குவரத்து நின்றுவிட்டது. காலையில் நான் கஞ்சி வைத்துக் கொடுப்பேன். குடிப்பாள். தலைவாரிக்கொள் என்றால் வாரிக்கொள்வாள். மருந்து சாப்பிட்டாயா என்றால் தலையாட்டுவாள். அவளாக ஒரு சொல் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். சுவரில் ஒன்றும் இல்லை.

எனக்கு வேலை ஆற்றுப் பாசனப் பிரிவில். அணைக்கட்டுக்குப் போய் வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த வருடம் நல்ல மழை. தாமிரபரணி செந்நிறமாகப் போய்க்கொண்டிருந்தது. வாழை மரங்கள், யாரோ விட்ட சேலை, ஒருமுறை ஒரு முழுக் கூரை எல்லாம் மிதந்து போனதைப் பார்த்தேன். பக்கத்தில் நின்றவர்கள் அய்யோ என்றார்கள். நான் அளவுகோலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆபீசில் எல்லோரும் என்னைத் தைரியசாலி என்றார்கள். உண்மையில் எனக்குக் காதில் தண்ணீர் புகுந்தது போல இருந்தது. எல்லாமே கொஞ்சம் தள்ளி நடந்தன.

மார்கழி பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் இருக்க முடியாமல் ரொட்டியும் ஹார்லிக்ஸும் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி வண்ணார்பேட்டைக்குப் போனேன். தச்சநல்லூரிலேயே இரண்டும் கிடைக்கும். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கலாம் என்றுதான் போனேன். அங்கே ஒரு பெரிய மளிகைக் கடை இருந்தது. அப்போதுதான் அந்த மாதிரிக் கடைகள் வரத் தொடங்கியிருந்தன. நாமே உள்ளே போய்ச் சாமான்களை எடுத்துக்கொள்ளலாம். கிறிஸ்துமஸ் வாரம் என்பதால் வாசலில் நட்சத்திர விளக்குகள் தொங்கின. கடைக்கார அண்ணாச்சி ஐஸ்கிரீம் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு தன் கடை ஆளிடம் சலித்துக்கொண்டிருந்தார். மலைமேல் ஒரு எஸ்டேட் பங்களாவில் சொல்லி வைத்திருந்தார்களாம். அதற்காகப் பெங்களூரிலிருந்து ஒரு ஹாம் வரவழைத்தாராம். இப்போது அந்தத் துரைக்கு மாற்றலாகி அவர் போய்விட்டாராம். இந்த ஊரில் இதை இனி யார் வாங்குவார்கள், பெட்டியில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது என்றார்.

நான் எட்டிப் பார்த்தேன். கப் ஐஸ்கிரீம்களுக்குக் கீழே, துணியில் சுற்றி, பனி படர்ந்து, ஒரு சின்னத் தலையணை அளவுக்குக் கிடந்தது. அதை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். யோசித்துச் சொன்னதாகத் தெரியவில்லை. வாய் சொன்னது, நான் கேட்டேன்.

அண்ணாச்சி என் நெற்றியைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சார், அது பன்னிக்கறிலா" என்றார்.

"தெரியும் அண்ணாச்சி. வீட்ல அவளுக்கு."

அவர் ஹாமை வெளியே எடுத்தார். முதலில் செய்தித்தாளில் சுற்றினார். அப்புறம் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டார். பிறகு என்னை மறுபடியும் பார்த்துவிட்டு, உள்ளே போய் ஒரு ஜவுளிக்கடைப் பையை எடுத்து வந்து அதற்குள் வைத்துக் கொடுத்தார். பார்க்கிறவர்களுக்கு வேட்டி சேலை எடுத்துப் போகிறேன் என்று தோன்றும். புகை போட்டதுதான், ஆனால் இன்றைக்கே சமைத்துவிடுங்கள் என்றார்.

பஸ்ஸில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பனி உருகி வேட்டி நனைந்தது. என் சொந்தக்காரர்கள் யாராவது பார்த்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். ஒரு படம் போல அது வந்து போனது. பயமும் இல்லை, ருசிக்க வேண்டும் என்ற குறுகுறுப்பும் இல்லை.

எஸ்டேட் வீட்டில் இதை ஓவனில் வைத்துச் சுடுவார்கள் என்று அவள் சொன்னது நினைவிருந்தது. எங்களிடம் மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் ஒரு கேஸ் அடுப்பும்தான். தச்சநல்லூரில் இறங்கியதும் நான் வழக்கமாக ரொட்டி வாங்கும் பேக்கரிக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கே அடுப்பு சும்மா இருக்கும். கேட்டேன். பேக்கரிக்காரர் பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் வேதக்காரர்தான், என் மனைவியைப் போலக் கிறிஸ்தவர், அவர் வீட்டில் இதெல்லாம் சமைக்கிறவர்கள்தான். ஆனால் தயங்கினார்.

"அடுப்பு சும்மாதான் கெடக்கு. ஆனா மேலப்பாளையத்து பாய்மார் வீடுகளுக்கும் நம்ம ரொட்டி போகுதுலா. அவங்க என்னை நம்பி வாங்குதாங்க. தப்பா நெனைக்காதீங்க."

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. அன்றைக்குச் சுட்ட ரொட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டுக்காரர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் தூங்கிக்கொண்டிருந்தார். சாயங்காலம் கோயிலுக்குப் போவார் என்று தெரியும். மார்கழியில் இரண்டு வேளையும் போவார். அவர் செருப்புப் போட்டுக்கொண்டு கிளம்பும் சத்தம் கேட்கும்வரை காத்திருந்தேன். பிறகு சமையலறைக் கதவை லேசாகச் சாத்திவிட்டு, வீட்டில் இருந்ததிலேயே பெரிய அலுமினியப் பாத்திரத்தை எடுத்தேன். பொங்கலுக்கு மட்டும் எடுப்பது. பையிலிருந்து ஹாமை வெளியே எடுத்துச் சுற்றியிருந்த துணியைப் பிரித்தேன். ஒரு பக்கம் தோல் தடிப்பாக, பழுப்பாக இருந்தது. மறுபக்கம் வெட்டிய இடத்தில் ரோஜா நிறம். நடுவில் வட்டமாக எலும்பு. கையில் பிசுபிசுவென்று ஒட்டியது. ஓடும் தண்ணீரில் கழுவினேன். பாத்திரத்தில் வைத்து மூழ்கத் தண்ணீர் ஊற்றி, ஒரு கை உப்பும் கொஞ்சம் மிளகும் போட்டு அடுப்பை ஏற்றினேன். கறி என்றால் உப்புப் போட வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

தண்ணீர் கொதித்து மேலே சாம்பல் நிறத்தில் நுரை கட்டியது. புகையும் உப்பும் வேறு ஏதோ ஒன்றும் கலந்த வாடை எழும்பியது. கரண்டியால் நுரையை எடுத்துக்கொண்டு நின்றேன். பின்னால் கதவு திறந்தது.

என் மனைவி நின்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, தலைமுடி கலைந்து, என்னுடைய பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு. பாத்திரத்தைப் பார்த்தாள். அப்புறம் தரையில் கிடந்த துணியைப் பார்த்தாள்.

"மொதத் தண்ணிய கொட்டுனீங்களா?" என்றாள்.

எத்தனை நாளைக்கு அப்புறம் அவளாகப் பேசியது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. இல்லை, இப்போதுதான் வைத்தேன், உப்புப் போட்டிருக்கிறேன் என்றேன்.

"உப்பா? அதுலயே உப்பு இருக்கும்லா. கொட்டணும். ரெண்டு தண்ணி மாத்தணும்."

நான் பாத்திரத்தைத் தூக்கித் தண்ணீரைக் கொட்டினேன். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். எங்கே கிடைத்தது என்று கேட்கவில்லை. ஏன் வாங்கினீர்கள் என்றும் கேட்கவில்லை. அடுத்த தண்ணீரில் கிராம்பும் பட்டையும் ஒரு வெங்காயமும் போடச் சொன்னாள். குரல் கரகரப்பாக, ஏற்ற இறக்கம் இல்லாமல் இருந்தது. ரேடியோவில் அணைகளின் நீர்மட்டம் வாசிப்பவர் குரல் போல. நானும் அதே மாதிரி, சரி, சரி என்று செய்துகொண்டிருந்தேன். வெந்துகொண்டிருக்கும்போது அவள் கருப்பட்டியைத் தட்டினாள். ராதாபுரத்துப் பக்கத்திலிருந்து நண்பர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த கருப்பட்டி அது, பிள்ளை பெற்றவளுக்குக் காபி போட்டுக் கொடுங்கள் என்று முன்கூட்டியே கொடுத்திருந்தார். நாங்கள் தொடவே இல்லை. அதைத்தான் எடுத்துத் தட்டினாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த நேரத்தில் மாடிப்படியில் காலடிச் சத்தம். வீட்டுக்காரரின் மனைவி. அவர்கள் மேலே வருவது அபூர்வம், மூட்டுவலி. வாசலிலேயே நின்று மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, "என்ன தம்பி, ஒரு மாரி வாடை வருது?" என்றார்கள்.

பொய் சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. "பன்னிக்கறி வேகுதும்மா" என்றேன்.

அவர்கள் முகம் சுருங்கியது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்கள். அப்போதுதான் என்னைத் தாண்டிச் சமையலறைக்குள் பார்த்தார்கள். ஸ்டூலில் உட்கார்ந்து என் மனைவி சின்ன உரலில் கருப்பட்டி தட்டிக்கொண்டிருந்தாள். அவர்களைப் பார்த்து நிமிர்ந்தாள், மறுபடி குனிந்துகொண்டாள். வீட்டுக்கார அம்மா மூக்கிலிருந்து சேலைத் தலைப்பை எடுத்தார்கள்.

"எந்திரிச்சிட்டாளா" என்றார்கள். கேள்வியாகக் கேட்கவில்லை. பிறகு, "அவுக வெளக்கு வச்சு வந்துருவாக. அந்தத் தெருப்பக்கத்து சன்னலை அடைச்சிட்டுப் பின்பக்கத்தைத் தொறந்து வைங்க" என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துப் பைய இறங்கிப் போனார்கள்.

ஓவன் இல்லாவிட்டால் என்ன, கேக் சுடுகிற மாதிரிச் சுடலாம் என்றாள் என் மனைவி. பாத்திரத்தின் அடியில் மணல் பரப்பி, அதன் மேல் ஒரு தட்டு, தட்டில் ஹாம், மேலே மூடி, மூடியின் மேல் தேங்காய்ச் சிரட்டைத் தணல். மணலுக்கு நான் தெருமுனையில் வீடு கட்டுகிற இடத்துக்குப் போய் ஒரு வாளி அள்ளி வந்தேன். சிரட்டை மொட்டைமாடியில் கிடந்தது. வெந்த ஹாமின் தோலை அவள் சொன்னபடி உரித்தேன். ஈரமான காலுறையைக் கழற்றுவது போல வந்தது. அடியில் வெள்ளைக் கொழுப்பு. அதில் கத்தியால் கீறுவதை அவளே செய்தாள். கட்டங்கள் கோணலாக விழுந்தன. கிராம்பு குத்தினாள். கருப்பட்டிப் பாகில் கொஞ்சம் மிளகுத்தூள் கலந்து கையாலேயே தடவினாள். மூடியின் மேல் தணலை அள்ளி வைத்துவிட்டு இருவரும் தரையில் உட்கார்ந்தோம். கருப்பட்டி கருகும் மணம் வந்தது.

விளக்கு வைத்த பிறகு வீட்டுக்காரர் வரும் சத்தம் கேட்டது. கீழே கொஞ்சம் பேச்சு நடந்தது. அவர் குரல் உயர்ந்தது, அம்மாவின் குரல் தணிந்து கேட்டது. மேலே யாரும் வரவில்லை.

சாப்பாட்டுக்குப் பாய் விரித்தேன். ரொட்டியை அறுத்து வைத்தேன். ஹாமை அவள் மெல்லிய துண்டுகளாகச் சீவினாள். ஓரம் கருப்பாக மினுங்கியது, உள்ளே ரோஜா நிறம் அப்படியே இருந்தது. தன் தட்டில் மூன்று துண்டு வைத்துக்கொண்டாள். பிறகு என் தட்டைப் பார்த்தாள். எனக்குத் தொட்டுக்கொள்ளக் காலையில் வைத்த கத்தரிக்காய்க் கூட்டு இருந்தது. நான் கையை நீட்டி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன்.

முப்பது வயதுவரை நான் கறி தின்றதில்லை. என் அப்பாவும் அவர் அப்பாவும் தின்றதில்லை. தொண்டை அடைக்கும், குடல் புரட்டும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மென்றேன். உப்பு, இனிப்பு, நார். விழுங்கினேன். இன்னொரு துண்டு எடுத்தேன். அதுவும் இறங்கியது. அந்த இரண்டாவது துண்டில்தான் எனக்குப் பயம் வந்தது. இதுகூடவா உனக்கு ஒன்றும் செய்யவில்லை என்று யாரோ கேட்ட மாதிரி இருந்தது.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்களுக்குக் குமட்டலையா?" என்றாள்.

"இல்ல. ஒண்ணும் பண்ணல."

"எனக்கும் ஒண்ணும் பண்ண மாட்டேங்கு" என்றாள். "வாடை வந்ததும் எங்கப்பா ஞாபகம் வந்துச்சு. சரி, இதைத் தின்னா அழுகை வரும்னு பார்த்தேன். ருசியே தெரியல. அன்னையில இருந்தே இப்படித்தான். நீங்க நல்லா இருக்கீங்க, எனக்கு மட்டும்தான்னு நெனச்சேன்."

நான் நல்லா இல்லை என்றேன். மிதந்து போன கூரையைப் பற்றிச் சொன்னேன். டீக்கடையில் சீனி கூடிவிட்டது என்று குறை சொன்னதைச் சொன்னேன். அவள் ரொட்டியைப் பிய்த்தபடி கேட்டாள். அப்புறம், அதுவரை கேட்காததைக் கேட்டாள். எங்கே வைத்தீர்கள் என்றாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், வாய்க்கால் பிரிகிற இடத்துக்கு மேலே, ஒரு மருத மரம் நிற்கிறது, அதற்குக் கிழக்கே என்று சொன்னேன். அங்கே தண்ணீர் ஏறிவிடாதா என்று கேட்டாள். ஏறாது, அது மேடு, நானே பார்த்துத்தான் வைத்தேன் என்றேன். எந்தத் துணியில் சுற்றினீர்கள் என்றாள். சொன்னேன். நாங்கள் இரண்டு பேருமே ஏதோ அடுத்தவர் வீட்டுக் காரியத்தைப் பேசுவது போலத்தான் பேசினோம். தட்டில் இருந்ததையெல்லாம் தின்று முடித்தோம். அவள் எழுந்து தட்டுகளைக் கழுவினாள்.

மறுநாள் காலை வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டார். கோபப்படவில்லை. உன் சங்கடம் எனக்குத் தெரியும், ஆனால் மார்கழி மாதம், இதை என்னால் பொறுக்க முடியாது, தையில் வேறு வீடு பார்த்துக்கொள் என்றார். சரி என்றேன். வாக்குக் கொடுத்துவிட்டு மீறியது நாங்கள்தான். அவர் மனைவி உள்ளே இருந்து வெளியே வரவில்லை.

எங்களிடம் ஃப்ரிட்ஜ் கிடையாது. மிச்சமிருந்த ஹாமை அவள் பொடியாக நறுக்கி, வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு வதக்கி ஒரு டப்பாவில் கொடுத்தாள். ஆபீசில் அந்த நண்பர் சாப்பிட்டார். என்னோடு ஆற்றங்கரைக்கு வந்தவர். பொரியல் நல்லா இருக்கே, என்ன கறி என்று கேட்டுவிட்டு, நான் சொன்னதும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார், பிறகு மறுபடியும் சாப்பிட்டார்.

தையில் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு சின்ன ஓட்டு வீட்டுக்கு மாறினோம். அங்கே யாரும் எந்த நிபந்தனையும் போடவில்லை. பிரசவத்துக்காக விடுப்பில் இருந்த அவள் தன் பள்ளிக்கூட வேலைக்குத் திரும்பப் போனாள். காலையில் ஆளுக்கொரு வேலையாகச் செய்வோம், பேசிக்கொள்வோம். ஆனால் இரண்டு பேருக்கும் காதில் தண்ணீர் புகுந்த மாதிரியான அந்த அடைப்பு அப்படியே இருந்தது. இருக்கிறதா என்று சில நாள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம், காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்பது போல.

பங்குனியில் ஒரு நாள் டவுனிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். நல்ல கூட்டம். எனக்கு உட்கார இடம் கிடைத்திருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு பெண், தோளில் பை, இடுப்பில் குழந்தை, ஒரு கையால் கம்பியைப் பிடித்துத் தள்ளாடிக்கொண்டிருந்தாள். "அண்ணாச்சி, இவளைக் கொஞ்சம் பிடிங்க" என்று சொல்லிக் குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு டிக்கெட் எடுக்கத் திரும்பிக்கொண்டாள். பஸ்ஸில் எப்போதும் நடப்பதுதான். பெண் குழந்தை. கன்னத்தில் மைப்பொட்டு, கையில் கருமணி. அது என் சட்டையைப் பற்றிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தது. அழவில்லை. என் வயிற்றோடு சாய்ந்துகொண்டது.

வண்ணார்பேட்டையில் அந்தப் பெண் குழந்தையை வாங்கிக்கொண்டு இறங்கினாள். நான் இறங்க வேண்டிய இடம் அது இல்லை. நானும் இறங்கினேன். சாத்திக் கிடந்த ஒரு கடையின் பின்பக்கமாகப் போய்ச் சுவரில் கையை ஊன்றி நின்றேன். எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. சத்தமாகத்தான் அழுதிருக்கிறேன். கொய்யாப்பழம் விற்கிற ஒருவர் வந்து ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்தார். முகம் கழுவிவிட்டுச் செம்பைத் திருப்பிக் கொடுத்தேன். 

வீட்டுக்கு வந்தபோது என் மனைவி அடுப்பில் உலை வைத்துவிட்டு அரிசி களைந்துகொண்டிருந்தாள். பஸ்ஸில் நடந்ததைச் சொன்னேன். கடைக்குப் பின்னால் நின்றதையும் சொன்னேன். அவள் களைவதை நிறுத்தாமல் கேட்டாள். எந்த ஊர்க்காரி, எத்தனை மாதம் இருக்கும் என்றெல்லாம் விசாரித்தாள். பிறகு கையை நிறுத்தினாள்.

"பிள்ளை கனமா இருந்தாளா?" என்று கேட்டாள்.

"நல்ல கனம்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். அரிசிப் பாத்திரத்துக்குள் இருந்த கையை எடுக்காமலே அழத் தொடங்கினாள். நான் உலையை இறக்கி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.